எத்தனை வோல்ட்

தெரியாத போர்டு ஒன்று மேசைக்கு வந்தால் முதல் வேலை அதைச் சும்மா பார்ப்பது. மல்டிமீட்டரை அப்போது எடுப்பதில்லை. பவர் சப்ளையின் பக்கமே கை போவதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் போர்டைச் சாய்த்துப் பிடித்து முன்பக்கம், பின்பக்கம், ஓரங்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கண் முதலில் பெரிய பொருள்களில்தான் போய் நிற்கும்: உருளைக் கெப்பாசிட்டர், கறுப்பு ரிலே, தாமிரக் கம்பி சுற்றிய சுருள். அவற்றைத் தாண்டிச் சின்ன எழுத்துகளுக்கு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது முன்னால் இருப்பது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்துகளில், புதுச் சரக்கு விற்கும் கடைகளுக்கு நடுவே, எங்கெங்கோ கழற்றிய போர்டுகளைக் குவித்து வைத்திருப்பார்கள். எந்த இயந்திரத்துக்குள் இருந்தது என்று விற்கிறவருக்கும் தெரியாது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, நான்கு ரிலே. ஓரத்தில் இரண்டு திருகு வைத்த பச்சை டெர்மினல் ஒன்று தனியாக நிற்கிறது. அதை ஒட்டி ஒரு கண்ணாடி ஃபியூஸ், அடுத்து ஒரு டயோடு. சப்ளை வந்து நுழைந்த வாசல் அதுதான். கூட்டல், கழித்தல் குறிகள் உண்டு. எத்தனை வோல்ட் என்பது மட்டும் இல்லை.

போர்டின் மேல் வெள்ளை எழுத்துகளை எப்படியும் அச்சடிக்கிறார்கள். ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் ஓர் எண் போடுகிறார்கள், தங்கள் நிறுவனத்தின் முத்திரையைப் பெரிதாகப் போடுகிறார்கள். அந்த அச்சிலேயே இரண்டு இலக்கமும் ஒரு வி-யும் சேர்க்கத் தனிச் செலவு ஏதும் இல்லை. சேர்த்திருந்தால் எத்தனையோ போர்டுகள் குப்பைக்குப் போகாமல் இருந்திருக்கும்.

*

மின்னழுத்தம் என்பதே இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசம். ஆகவே வோல்ட்டைத் தேடும் முன் ஒரு புள்ளியை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதுதான் கிரவுண்ட்.

அது ஒளிந்திருப்பதில்லை. போர்டின் பின்பக்கத்தில் தடங்களுக்கு இடையே மிச்சமிருக்கும் இடமெல்லாம் நிரம்பிப் பரந்திருக்கும் தாமிரம் பெரும்பாலும் கிரவுண்ட். யு.எஸ்.பி. சாக்கெட் இருந்தால் அதன் உலோகக் கூடு, எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் பட்டை போட்ட பக்கத்துக் கால், இவையெல்லாம் வழக்கமாக அங்கேயே போய்ச் சேரும். மீட்டரை கன்டினியூட்டியில் வைத்து ஒரு முனையை அந்தப் பரப்பில் ஊன்றிக்கொண்டு, மறுமுனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். பீப் என்று ஒலி வரும் இடங்களையெல்லாம் மனதில் ஒன்றாக முடிந்துகொள்ளலாம். போர்டின் பாதிப் புள்ளிகள் இப்படியே ஒன்றாகிவிடும். மிச்சமிருப்பதைப் பற்றி மட்டும் யோசித்தால் போதும்.

பட்டை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கில் பட்டை எதிர்முனையைக் காட்டும். சின்ன மஞ்சள் டான்டலத்தில் பட்டை நேர்முனையைக் காட்டும். இரண்டும் கெப்பாசிட்டர்தான், ஒரே போர்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். டான்டலத்துக்கு முனை மாற்றிக் கொடுத்தால் அது தீப்பொறியோடு வெடிக்கக்கூடும்.

ஐசி-க்களில் ஒரு பழைய மரபு உண்டு. 14 கால் லாஜிக் ஐசி என்றால் 7ஆம் கால் கிரவுண்ட், 14ஆம் கால் சப்ளை; 16 கால் என்றால் 8, 16. எதிரெதிர் மூலைகள். பழகிய கண்ணுக்கு இது சௌகரியம். ஆனால் 7490 அந்த மரபில் இல்லை, அதற்கு சப்ளை 5ஆம் காலில், கிரவுண்ட் 10ஆம் காலில். எல்.எம். 324-லோ சப்ளை 4, கிரவுண்ட் 11, இரண்டும் பக்கங்களின் நட்டநடுவில். மரபு ஓர் ஊகத்தைத் தரும், அவ்வளவுதான். ஊகத்தை மீட்டர் ஒத்துக்கொள்ளும்வரை அதை எழுதி வைப்பதில்லை.

கிரவுண்ட் என்றால் எதிர்முனைதான் என்பதும் எல்லா இடத்துக்கும் செல்லாது. தொலைபேசி இணைப்பகங்களில் சப்ளை கழித்தல் 48 வோல்ட். அங்கே பேட்டரியின் நேர்முனையைத்தான் பூமியோடு கட்டியிருக்கிறார்கள். ஈரமண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் தாமிரக் கம்பி மின்பகுப்பில் அரித்துப் போகாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அந்தத் துறையிலிருந்து வந்த போர்டைக் கையில் எடுத்தால், பரந்த தாமிரம் சப்ளையின் எந்த முனை என்று இரண்டு முறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

*

கெப்பாசிட்டர் தன் உடம்பிலேயே ஒரு வோல்ட்டை எழுதி வைத்திருக்கிறது. அவசரக்காரர் அதைப் படித்துவிட்டு அதுவே சப்ளை என்பார். வாசல்நிலை எவ்வளவு உயரம் என்று பார்த்து வீட்டுக்காரர் எவ்வளவு உயரம் என்று சொல்ல முடியாது. நிலையைவிட உயரமானவர் அங்கே குடியிருக்க மாட்டார் என்று மட்டும் சொல்லலாம். கெப்பாசிட்டர் சொல்வதும் அவ்வளவே.

அது தயாராகும் அளவுகள் ஒரு வரிசை: 6.3, 10, 16, 25, 35, 50, 63, 100. வடிவமைத்தவர் எப்போதும் கொஞ்சம் இடம் விட்டே தேர்ந்தெடுப்பார். 5 வோல்ட் தடத்தில் 10 அல்லது 16 இருக்கும். 12 வோல்ட்டுக்கு 16 அல்லது 25. 24 வோல்ட்டுக்கு 35 அல்லது 50. எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நடுப்போர்டில் நிற்கும் 10 வோல்ட் கெப்பாசிட்டர் உள்ளே தயாராகும் ஏதோ ஒரு சப்ளைக்குச் சொந்தம். வாசலை ஒட்டி, ஃபியூஸுக்கும் டயோடுக்கும் அடுத்து நிற்பதன் பேச்சுக்குத்தான் இங்கே மதிப்பு.

என் போர்டில் அந்த இடத்தில் நிற்பது 1000 மைக்ரோஃபாரட், 35 வோல்ட். ஆக 24 இருக்கலாம். 12 இருக்கலாம். 19 கூட இருக்கலாம்.

அதன் நிழலில் டயோடு மாதிரி ஒன்று. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பி6கே.இ.33ஏ. இது அலை தடுப்பான். சப்ளையில் திடீரென்று எழும் உச்சங்களைத் தான் வாங்கிக்கொண்டு மற்றவற்றைக் காப்பது. 33 என்பது அது கடத்தத் தொடங்கும் இடத்தைச் சுற்றிய எண். 28.2 வோல்ட் வரைக்கும் அது அசையாமல் இருக்கும் என்று அதன் தரவுத்தாள் சொல்கிறது. இதே வேலை செய்யும் எஸ்.எம்.பி.ஜே. வரிசையில் எழுதியிருக்கும் எண்ணே அசையாமல் தாங்கும் அளவு. பி6கே.இ. வரிசையில் அப்படி இல்லை. நாள் முழுக்க அது கடத்திக்கொண்டிருக்கும்படி யாரும் வடிவமைக்க மாட்டார்கள். ஆகவே கூரை 35இலிருந்து 28க்கு இறங்கிவிட்டது. கடுகளவு பொருள் ஒன்று, ஏழு வோல்ட் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது.

*

கூரை கிடைத்தபின் தரையைத் தேட வேண்டும். அது ரெகுலேட்டரிடம் இருக்கும்.

பழைய போர்டுகளில் வழி சுலபம். மூன்று கால், உலோக முதுகு, மேலே 7805 என்று எழுத்து. வெளியே வருவது 5 வோல்ட். அதற்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட் வேண்டும், 35க்கு மேல் தாங்காது. 7812 என்றால் 12 வோல்ட் வெளியே, பதினாலரை உள்ளே. வித்தியாசம் முழுவதும் சூடாகப் போவதால் ஹீட்சிங்க்கின் அளவும் ஒரு தகவல். பெரிய ஹீட்சிங்க் போட்டிருந்தால், ஒன்று மின்னோட்டம் அதிகம், அல்லது உள்ளே வரும் வோல்ட் 7ஐவிட எவ்வளவோ மேலே. ஹீட்சிங்க்கே இல்லாத 7805க்கு 24 வோல்ட் கொடுத்து அரை ஆம்பியர் எடுக்க முடியாது. ஒன்பதரை வாட் சூட்டில் அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும்.

சின்ன ஏ.எம்.எஸ். 1117-3.3 இருந்தால் பெரும்பாலும் அதற்கு முன்னால் 5 வோல்ட் இருக்கும். இங்கேயும் முதுகைக் கவனிக்க வேண்டும். 7805இன் முதுகு கிரவுண்ட். 1117இன் முதுகு வெளியீடு. முதுகென்றால் கிரவுண்ட் என்று மீட்டரின் கறுப்பு முனையை அங்கே வைத்துக்கொண்டு அளந்தால், போர்டு முழுவதும் பொய் சொல்வதுபோல் தோன்றும்.

என் போர்டில் ஐந்து கால் எல்.எம். 2576, அதன் அருகே சுருள், தடித்த ஷாட்கி டயோடு. ஸ்விட்சிங் ரெகுலேட்டர். எழுத்தின் கடைசியில் 5.0 என்று இருப்பதால் வெளியீடு 5 வோல்ட் என்பதில் ஐயமில்லை. 5.0 என்பதற்குப் பதில் ஏ.டி.ஜே. என்று இருந்திருந்தால், இரண்டு ரெசிஸ்டரைத் தேடிப் பிடித்து, அவற்றின் விகிதத்தோடு ஒன்றைக் கூட்டி 1.23 வோல்ட்டால் பெருக்கிப் பார்க்க வேண்டியிருந்திருக்கும். அதுவும் இனிமையான வேலைதான். இப்போது தேவையில்லை. 5 வோல்ட் தடம் சீரியல் தொடர்புக்கான ஒரு மேக்ஸ் 232-க்குப் போகிறது என்பதும் ஒத்து வருகிறது. அது 5 வோல்ட்டில் வேலை செய்கிற ஐசி.

இந்த ரெகுலேட்டர் 40 வோல்ட் வரை ஏற்கும். கீழே ஏழெட்டு வோல்ட் இருந்தால் போதும். வாசலில் உள்ள டயோடு முக்கால் வோல்ட் எடுத்துக்கொள்ளும். ஆகத் தரை எட்டு அல்லது ஒன்பது, கூரை 28. இடையில் உலகத்தில் வழக்கமாகக் கிடைக்கும் சப்ளைகள்: 9, 12, 15, 18, 19, 24.

இந்த இடத்தில் பலர் 12 என்று முடிவுகட்டி அடாப்டரைச் செருகிவிடுவார்கள். போர்டும் உயிர் பெறும், விளக்கும் எரியும். அதனால் அது சரியென்று ஆகிவிடாது.

*

ஒவ்வொரு பொருளும் தன்னைப் பற்றி மட்டும் பேசுகிறது என்பதை இந்த வேலையில் மறக்கவே கூடாது. கெப்பாசிட்டர் தன்னால் தாங்க முடிவதைச் சொல்கிறது. ரெகுலேட்டர் தனக்கு எதுவரை போதும் என்கிறது. சப்ளை எத்தனை வோல்ட் என்று அவற்றில் எதற்கும் தெரியாது. ஆனால் ரெகுலேட்டரைக் கேட்காமல், வாசலிலிருந்து நேராக மின்சாரம் வாங்கிக்கொள்ளும் பொருள் ஒன்று போர்டில் இருந்தால் அதன் கதை வேறு. நடுவில் சரிசெய்துகொடுக்க யாரும் இல்லாததால், அதன் தேவையும் சப்ளையும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். விசிறி, மோட்டார், எல்.இ.டி. பட்டை, ரிலே. தெரியாத போர்டில் முதலில் இவற்றைத்தான் தேட வேண்டும் என்பது என் எண்ணம். எல்லாரும் ஐசி எண்களில் மூழ்கிப் போகிறார்கள்.

ரிலேக்களின் மேல்பக்கம் மற்ற போர்டுகளோடு உரசி உரசி எழுத்து தேய்ந்துவிட்டது. டி.சி. என்பது வரைக்கும் தெரிகிறது. எண் போய்விட்டது.

முதலில் தடத்தைத் தொடர்கிறேன். ரிலேச் சுருளின் ஒரு முனை யு.எல்.என். 2003 என்ற 16 கால் ஐசி-க்குப் போகிறது. ரிலேயைக் கிரவுண்டுக்கு இழுத்துவிடும் வேலைக்காரன் அது. நான்கு சுருள்களின் மறுமுனைகளும் ஒன்றாகக் கூடி, அதே ஐசி-யின் 9ஆம் காலைத் தொட்டு, 35 வோல்ட் கெப்பாசிட்டரின் நேர்முனைக்கு வந்து சேர்கின்றன. நடுவில் எதுவும் இல்லை. மீட்டர் தடங்கலில்லாமல் ஒலிக்கிறது.

இனி சுருளைக் கேட்க வேண்டியதுதான். ரிலேச் சுருள் என்பது நீண்ட மெல்லிய தாமிரக் கம்பி. ஒரே அளவு ரிலேயை 5 வோல்ட்டுக்கும் 12க்கும் 24க்கும் செய்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே காந்த பலம் வேண்டும், ஒரே சூட்டைத்தான் அந்தச் சின்னப் பெட்டி தாங்கும். ஆகவே மூன்றும் ஏறக்குறைய ஒரே வாட் எடுக்கும்படி கம்பியின் பருமனையும் சுற்றுகளையும் மாற்றுகிறார்கள். பரவலாகக் கிடைக்கும் இந்த அளவுப் பெட்டிக்கு அது 0.36 வாட். வோல்ட்டின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் சுருளின் மின்தடை. 5 வோல்ட்டுக்கு 70 ஓம். 12க்கு 400. 24க்கு 1600. வோல்ட் இரட்டிப்பானால் ஓம் நான்கு மடங்கு. எழுத்து தேயலாம், கம்பியின் நீளம் தேயாது.

அளக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. யு.எல்.என். 2003-க்குள் ஒவ்வொரு சுருளுக்கும் இணையாக ஒரு டயோடு இருக்கிறது. மீட்டரின் முனைகள் ஒரு திசையில் இருந்தால் அந்த டயோடு வழியாகவும் மின்னோட்டம் கசிந்து மின்தடை குறைவாகத் தோன்றலாம். முனைகளை மாற்றிப் பிடித்து இரண்டு முறை அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். வந்தது 1600ஐ ஒட்டி. நான்கும் அப்படியே.

சந்தேகத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. 0.2 வாட்டில் இயங்கும் நுண்ணுணர்வு ரிலேக்கள் உண்டு. அவற்றில் ஒன்றாக இருந்தால் 1600 ஓம் என்பது 18 வோல்ட்டைக் குறிக்கும். ஆகவே இன்னொரு சாட்சி வேண்டும்.

அது போர்டின் மறு ஓரத்தில் இருந்தது. வெளியிலிருந்து சிக்னல் வாங்கும் டெர்மினல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிசி 817 ஆப்டோகப்ளர், அதன் முன்னால் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஆப்டோகப்ளருக்குள் இருப்பது ஒரு குட்டி எல்.இ.டி.; அது 1.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். வெளியே 24 வோல்ட் வந்தால் மின்னோட்டம் 5 மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. அந்த ஐசி-க்கு அது நிம்மதியான அளவு. 12 வோல்ட் வந்தால் இரண்டேகால்தான். நடக்கும், ஆனால் யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கும் அளவு அல்ல. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் உள்ளீடுகளுக்கு 24 வோல்ட் டி.சி. நிலைத்த வழக்கம், ஐ.இ.சி. 61131-2 என்ற சர்வதேச நியதியே அதற்கு இருக்கிறது. ரிலேக்கள், ஆப்டோகப்ளர் வரிசை, மேக்ஸ் 232, இந்த மூன்றும் சேர்ந்திருப்பதே இந்தப் போர்டு ஏதோ ஓர் ஆலையின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்திருக்கும் என்று சொல்கிறது.

18 அங்கே வாழாது. 24 வாழும்.

*

குறிகளைப் பற்றி. போர்டில் பி+ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வால்வு ரேடியோக் காலத்தில் இழையைச் சூடேற்ற ஏ பேட்டரி, தகட்டுக்கு உயர் வோல்ட் கொடுக்க பி பேட்டரி, கிரிட்டுக்கு சி பேட்டரி. அந்தப் பேட்டரிகள் போயும் பி+ தங்கிவிட்டது. பெரிய கண்ணாடிக் குழாய் வைத்த டிவிகளில் பி+ என்றால் நூறு வோல்ட்டுக்கு மேல். இன்று லித்தியம் செல்லை சார்ஜ் செய்யும் தீப்பெட்டி அளவுப் போர்டிலும் பி+ என்றே போடுகிறார்கள். அங்கே அது பேட்டரியின் நேர்முனை, அதிகம் போனால் 4.2 வோல்ட். ஒரே குறி. படிக்கிறவர் எந்தக் காலத்துப் போர்டைக் கையில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து உயிருக்கே வித்தியாசம்.

உருளைப் பின் சாக்கெட்டிலும் அப்படி. பெரும்பாலும் நடுப்பின் நேர்முனை. கிட்டார் வாசிப்பவர்கள் காலடியில் வைக்கும் எஃபெக்ட் பெடல்களில் 9 வோல்ட், நடுப்பின் எதிர்முனை.

சில போர்டுகளில் ஐசி-யின் மேலெழுத்தை வேண்டுமென்றே தேய்த்து எடுத்திருப்பார்கள். நகலெடுப்பவருக்குத் தெரியக் கூடாதென்று செய்வது. நகலெடுக்க நினைப்பவர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். கதவு அடைபடுவது பழுதுபார்க்க உட்காருபவருக்குத்தான். 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழுவை அமைத்தது. அந்த உரிமையின் முதல் எழுத்து, பொருளின் மேல் உண்மையான எண் இருப்பது.

*

இதுவரை எழுதியதெல்லாம் தாழ்ந்த வோல்ட் போர்டுகளுக்கு. வீட்டு மின்சாரம் நேராக நுழையும் போர்டு வேறு ஜாதி. அதை முதல் பார்வையிலேயே அடையாளம் காண வேண்டும்.

400 அல்லது 450 வோல்ட் என்று எழுதிய கெப்பாசிட்டர் இருந்தால் நிறுத்திக்கொள்ள வேண்டும். 230 வோல்ட் ஏ.சி.-யின் உச்சம் 325. அதை நேராக டி.சி. ஆக்கும் இடத்தில்தான் அப்படிப்பட்டது நிற்கும். வாசலில் நீல வட்டுபோல் ஒரு வேரிஸ்டர், அதில் 471 என்று எழுத்து. அது 470 வோல்ட், மின்வாரிய சப்ளைக்குப் போடுவது. மஞ்சள் பெட்டிக் கெப்பாசிட்டர் மேல் எக்ஸ்2, 275 என்று இருக்கும். நல்ல போர்டானால் நடுவில் தடமே இல்லாத ஓர் அகலமான வெற்று எல்லை ஓடும்; அதைத் தாண்டிச் செல்வது ட்ரான்ஸ்ஃபார்மர், ஆப்டோகப்ளர் போன்ற சில பொருள்கள் மட்டுமே.

ட்ரான்ஸ்ஃபார்மரே இல்லாமல், எக்ஸ்2 கெப்பாசிட்டரையும் ஜீனரையும் மட்டும் வைத்து 5 வோல்ட் எடுக்கும் மலிவு போர்டுகளை அஞ்ச வேண்டும். அங்கே கிரவுண்ட் என்று நாம் தொடும் தாமிரமே வீட்டு மின்சாரத்தோடு ஒட்டியிருக்கிறது. 5 வோல்ட்டுதானே என்று கை வைத்தவரை அது மன்னிக்காது. சப்ளையைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர் நெடுநேரம் மின்னூட்டத்தை வைத்திருக்கும். ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடியவிட்டு, வடிந்ததா என்று மீட்டரில் பார்த்துவிட்டே தொட வேண்டும்.

ரேடியோ, டிவி பழுதுபார்த்துவந்த ஒரு பெரியவர் தன் கடையில் சீரிஸ் பல்பு இல்லாமல் எதையும் மின்சாரத்தில் போட மாட்டார். 100 வாட் குண்டு பல்பை லைனில் தொடராக மாட்டியிருப்பார். செட்டுக்குப் போகும் மின்சாரம் அந்தப் பல்பைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“ஐயா, மீட்டர்ல பாத்தாச்சே, இன்னும் எதுக்குப் பல்பு?” என்று கேட்டபோது சொன்னார்: “தம்பி, மீட்டரு தூங்குற செட்டைப் பாக்குது. பல்பு முழிச்சுக்குற செட்டைப் பாக்கும். முழுசா எரிஞ்சா உள்ள ஷார்ட்டு. ஒரு மினுக்கு மினுக்கி அடங்குச்சுன்னா உசுரு இருக்குன்னு அர்த்தம்.”

குண்டு பல்பு இன்று அரிதாகிக்கொண்டு வருகிறது. எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு ஆகாது. குளிர்ந்திருக்கும்போது மின்தடை குறைவாகவும், எரியும்போது பத்து மடங்குக்கு மேலாகவும் மாறும் அந்த டங்ஸ்டன் இழையின் குணம்தான் செட்டைக் காப்பாற்றுகிறது. ஒன்றிரண்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

*

தாழ்ந்த வோல்ட்டில் சீரிஸ் பல்பின் வேலையைச் செய்வது பெஞ்ச் பவர் சப்ளையின் மின்னோட்ட எல்லை. வோல்ட் குமிழை எல்லாரும் பார்க்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் ஆம்பியர் குமிழ்தான் காவலாளி. அதை 100 மில்லி ஆம்பியரில் நிறுத்துகிறேன். நம் முடிவு தவறாக இருந்தாலும் போர்டு சாகாமல் மறுப்புச் சொல்வதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். அது இல்லாமல் கேட்கும் கேள்வி, கேள்வியே அல்ல.

சுழியத்திலிருந்து ஏற்ற வேண்டும். இன்னொரு மீட்டரை உள்ளே 5 வோல்ட் தடத்தில் வைத்திருக்கிறேன். வெளியே மூன்று, நான்கு என்று ஏறும்போது உள்ளே அது ஒன்றிரண்டு வோல்ட் பின்தங்கி ஏறிவருகிறது. மின்னோட்டமும் கூடிக்கொண்டே போகிறது. வெளியே எட்டை நெருங்கும்போது உள்ளே 5ஐத் தொட்டு நின்றுவிடுகிறது. இனி வெளியே எவ்வளவு ஏற்றினாலும் அந்த எண் அசையாது. இந்தக் கணத்துக்காகவே இந்த வேலையை விரும்புகிறேன் என்று சொல்லலாம். தாளில் போட்ட கணக்கும் மேசையில் நடப்பதும் ஒன்றையொன்று தொடும் இடம்.

அதன்பிறகு நடப்பது பழக்கமில்லாதவருக்கு விசித்திரமாகத் தெரியும். வோல்ட்டை ஏற்ற ஏற்ற மின்னோட்டம் குறைகிறது. 10 வோல்ட்டில் 55 மில்லி ஆம்பியர். 20 வோல்ட்டில் 30. பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வாட். ஸ்விட்சிங் ரெகுலேட்டர் தனக்கு வேண்டிய சக்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வோல்ட் அதிகமாக வந்தால் ஆம்பியரைக் குறைத்துக்கொள்கிறது. 7805 இருந்திருந்தால் மின்னோட்டம் மாறாமல் நின்று, மிச்சமெல்லாம் சூடாகப் போயிருக்கும். மின்னோட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்தே, மூடியிருக்கும் பெட்டிக்குள் எந்த வகை ரெகுலேட்டர் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

எட்டு வோல்ட்டிலேயே போர்டு விழித்துக்கொண்டது. பச்சை விளக்கு எரிகிறது. மைக்ரோகன்ட்ரோலர் தன் வேலையைத் தொடங்கியிருக்கும். ஆனால் சப்ளையை 12இல் நிறுத்தி, ஒரு ரிலேச் சுருளின் கீழ்முனையை ஒரு கம்பியால் கிரவுண்டில் தொட்டால் அசைவே இல்லை. 14, அமைதி. 17ஐ நெருங்கும்போது டக்கென்று ஓர் ஒலி. இந்த வகை ரிலேக்கள் தங்கள் வோல்ட்டின் முக்கால் பங்குக்குள் இழுத்தாக வேண்டும் என்பது தரவுத்தாளின் உறுதி. 24இல் முக்கால் 18. 18 வோல்ட் ரிலேயாக இருந்தால் பதின்மூன்றரைக்குள் இழுத்திருக்கும். 14இல் பேசாமல் இருந்து 17இல் பேசியதால் அந்தச் சந்தேகமும் போய்விட்டது.

12 வோல்ட் அடாப்டரைச் செருகியிருந்தால் விளக்கு எரிந்திருக்கும், ரிலே மட்டும் இழுத்திருக்காது. போர்டு பழுது என்று ரிலேயை மாற்றியிருப்பார்கள், யு.எல்.என். 2003-ஐ மாற்றியிருப்பார்கள். ஒன்றும் கெட்டுப்போகாத போர்டு அது.

*

24 வோல்ட்டில் சும்மா இருக்கும்போது 26 மில்லி ஆம்பியர். ஒரு ரிலே இழுத்தால் கூடுதலாக 15. நான்கும் சேர்ந்து 60. மொத்தம் 90க்குள். கால் ஆம்பியர் தரும் அடாப்டரே தாராளம். கடையில் 24 வோல்ட் 1 ஆம்பியர்தான் சுலபமாகக் கிடைக்கும், அதையே வாங்கலாம். அதிக ஆம்பியர் என்று எழுதியிருந்தால் போர்டு கருகிவிடும் என்று சிலர் தயங்குவார்கள். அடாப்டர் மேல் இருக்கும் ஆம்பியர் அது கொடுக்கக்கூடியது; எவ்வளவு எடுப்பது என்பதைப் போர்டு தீர்மானிக்கும். வோல்ட்டை மட்டும் அடாப்டர் தீர்மானிக்கிறது.

டெர்மினலுக்குப் பக்கத்தில் வெற்றிடம் இருக்கிறது. அழியாத மார்க்கரில் எழுதியாயிற்று: 24 வோ. டி.சி., 0.1 ஆ. வெளியீட்டு டெர்மினல்கள் ஏழும் எதெது என்று இன்னும் தெரியாது. ரிலேயின் தொடு முனைகளிலிருந்து தடம் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அதற்குச் சப்ளையைக் கழற்றிவிட்டு மறுபடி கன்டினியூட்டிக்கு மாற வேண்டும்.